வாங்கிய மழை

மழையை விலைக்கு விற்கும் காலம் வந்ததும் மழையிலும் போலி வந்துவிட்டது. மேல்மண்ணை மட்டும் நனைத்து ஏமாற்றும் மழையை நம்பி விதைத்தால், முளை கருகிப்போகும். அதனால் கோவில்பட்டிக் கரிசல்காரர்கள் தம்பலப்பூச்சியைப் பார்க்காமல் மழை பெய்ததாக ஒப்புக்கொள்வதில்லை. ஈரம் ஆழத்துக்கு இறங்கினால்தான் அந்தச் சிவப்புப் பூச்சி மேலே வரும்.

மாடத்தியிடம் மிஞ்சியிருந்தது ஒரே மூட்டை விதைச்சோளம். போனால் போனதுதான்.

"நேத்து கொட்டு கொட்டுனு கொட்டுச்சே தாயி, இன்னும் என்ன யோசனை? விதைக்க வேண்டியதுதானே!" என்றார் மழைத் தரகர் அருணகிரி.

"மேளம் அடிச்சாப் போதுமா அண்ணாச்சி? சிவப்புச் சேலையில பொண்ணு வர வேண்டாமா?"

அவள் குனிந்து மண்ணைப் பார்த்த நேரத்தில், அருணகிரி சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து நாலு பூச்சிகளைக் கீழே விட்டார். பண்ணையில் வளர்த்தவை. தன் சரக்கைத் தானே நம்பாத வியாபாரி வேறென்ன செய்வார்?

மாடத்தி நிமிராமலே கேட்டாள்: "பொண்ணைப் பையில போட்டா கூட்டியாந்தீக?"

சமாளிக்க வாய் திறந்த அருணகிரி சட்டென்று கீழே பார்த்தார். இளவெயில் பட்ட இடத்தில் மண் அசைந்தது. ஒரு பூச்சி வந்தது, பின்னாலேயே பத்து வந்தன, பிறகு எண்ண முடியவில்லை. வருடக்கணக்காய்க் காய்ந்து கிடந்த கரிசல், வரப்புக்கு வரப்பு சிவந்து ஊர்ந்தது. அருணகிரி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

மாடத்தி விதைப்பெட்டியை இடுப்பில் ஏற்றி, தூக்கிய காலை இறக்க இடமில்லாமல் நின்றாள்.

"எங்கிட்டு அண்ணாச்சி மிதிக்க?"

"பொறு தாயி," என்றார், பொறு என்று யாரிடமும் சொல்லிப் பழகாத அருணகிரி. "அதுக முதல்ல போகட்டும்."