ஹம்முவின் கைராசி

“ரெண்டு வருஷமா ஊர்ல மத்த பதினேழு தோட்டத்துலயும் செர்ரி மரம் பிசின் வடிச்சு சாகுது. உங்க தோட்டம் மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுது?”

இத்ரீஸ் இப்படிக் கேட்டதும் ஹம்மு சிரித்தார். அட்லஸ் மலைச்சரிவிலிருந்த அந்த ஊருக்கே கவாத்துக்காரர் அவர்தான். குளிர்காலம் வந்தால் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிளை கழிப்பார்.

“என்னைப் போய்க் கேக்கறியே! போன வாரம் கழுதையைத் தோட்டத்துல மறந்துட்டு, ஏணியை நானே சுமந்துகிட்டு வீட்டுக்கு வந்தவன் நான்.”

“தன்னடக்கத்தைப் பாருங்க மேடம்!” விவசாய அலுவலகத்திலிருந்து வந்திருந்த நஜாத்திடம் இத்ரீஸ் சொன்னான். “அண்ணன் கைராசி அப்படி. எனக்கு மிச்சம் இருக்கிறது நாப்பது மரம். அதை இந்த வருஷமும் அவர் கையால கவாத்து பண்ணச் சொல்லிக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். அதுவும் போச்சுன்னா ஊரை விட்டே போகணும்.”

நஜாத் ஹம்முவின் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருந்தாள். எதிலும் வெடிப்பு இல்லை, ஒரு சொட்டுப் பிசின் இல்லை.

“இது பாக்டீரியா நோய். வெட்டுக்காயம் வழியா உள்ள போகும். நீங்க என்ன மருந்து வெச்சீங்க?”

“மருந்தா? இருமலுக்கே நான் மருந்து வாங்கறதில்லம்மா.”

புதினா டீயோடு வந்தாள் ஹம்முவின் மனைவி இத்தோ. “இந்தத் தோட்டத்துக்கு இவரு பண்ணின ஒரே வேலை, பழத்தைத் தின்னதுதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்மு இன்னும் உரக்கச் சிரித்தார். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, கத்திரியை எடுத்துக்கொண்டு இத்ரீஸோடு கிளம்பினார்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் நஜாத். “ஒரு மரத்தை வெட்டிட்டு அடுத்த மரத்துக்குப் போறப்ப கத்திரியை எதுல கழுவுவீங்க?”

“கழுவறதா? அங்கியில ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.”

நஜாத் குழம்பினாள். “அப்படின்னா கத்திரியிலேயே நோய் ஒட்டிக்கிட்டு வருமே! முதல்ல செத்திருக்க வேண்டியது உங்க மரம்தானே?”

ஹம்முவின் சிரிப்பு நின்றது. பதினேழு தோட்டமும் வரிசையாகக் கண்முன்னே வந்தது. வாயை மூடிக்கொண்டால் பேராவது மிஞ்சும். ஆனால் இத்ரீஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்திரியைக் கீழே வைத்தார்.

“இந்தக் கத்திரி என் மரத்தைத் தொட்டதே இல்லம்மா. கல்யாணமான வருஷம் கவாத்து பண்றேன்னு நல்ல மரக்கன்னு ரெண்டை மொட்டையடிச்சுக் கொன்னேன். அன்னையிலிருந்து இவ தம்பிதான் வந்து வெட்டறான், அவனோட கத்திரியால. இத்ரீஸ், உன் நாப்பது மரத்தையாவது என்கிட்டயிருந்து காப்பாத்திக்கோ.”