கீறல் விழாத முன்விளக்குகள்

வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே கார் கட்டிக்கொண்டிருந்த தனபாலனுக்கு முன்விளக்குகள் மட்டும்தான் அமையவில்லை. பழைய இரும்புக் கடையில், பக்கவாட்டில் நசுங்கிக் கிடந்த ஒரு காரில், அவன் தேடிய வட்ட விளக்குகள் கீறல்கூட விழாமல் இருந்தன. கழற்றுவதற்கு முன், தான் கொண்டுவந்திருந்த பேட்டரியில் விளக்குகளின் வயரை வைத்து அழுத்திப் பார்த்தான். இரண்டும் பளீரென்று எரிந்தன. அப்போதுதான் காருக்கு எதிரே நின்ற பெண்ணைக் கவனித்தான்.

"அணைச்சிராதீங்க சார்."

"யாரும்மா நீங்க?"

"இந்த வண்டிதான் எங்க வீட்டுக்காரர் மேல ஏறுச்சு. கடைசியா அவரு பாத்தது இந்த வெளிச்சத்தத்தான்."

கண் சிமிட்டாமல் விளக்குகளைப் பார்த்தபடி அவள் இன்னும் நெருங்கி வந்தாள். வயர் சூடேறி விரலைச் சுட்டது. தனபாலன் கையை எடுக்கவில்லை.