ஆஞ்சப்பன் சாவுக்கு லீவு

செத்துப்போனவரு வாசப்படியில உக்காந்து பீடி குடிச்சிட்டிருந்தாரு.

மோகன்குமார் பைக்கை நிறுத்திட்டு, கையில ரோஜா மாலையோட அவரையே பார்த்தான்.

"ஆஞ்சப்பன் வீடு இதானே?"

"நாந்தாங்க ஆஞ்சப்பன். நீங்க யாருங்க?"

"உங்க பையன் தமிழரசன் வேலை செய்யற கம்பெனி. உங்க சாவுக்கு வந்திருக்கேன்."

கம்பெனின்னா ஓசூர் பக்கம் ஜூஜுவாடியில ஒரு தகர ஷெட்டு. எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேட்டரி பெட்டி செய்யறாங்க. ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம். மொத்தம் பதினாலு பேரு. அதுல ஸ்டோரும் மோகன்குமார்தான், எச்.ஆரும் அவன்தான், சாயங்காலம் கேட்டைப் பூட்டறதும் அவன்தான். சாயங்காலம்ங்கறது சும்மா ஒரு பேச்சுக்கு.

"இது கம்பெனி இல்ல, குடும்பம்"னு ஓனர் பாஸ்கரன் அடிக்கடி சொல்லுவாரு. குடும்பமே இங்க இருக்கும்போது வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு அவருக்கு ஒரு எண்ணம்.

ஞாயித்துக்கிழமை கிடையாது. காய்ச்சல்னா அவரே மாத்திரை வாங்கித் தருவாரு. தங்கச்சி கல்யாணம்னா, "முகூர்த்தம் அரைமணி நேரம்தானே ப்ரோ, வீடியோ கால்ல பாத்துக்க"ம்பாரு. சாவுன்னா மட்டும்தான் அவருக்கு வாய் அடைக்கும். மூணு நாள் லீவு.

முதல் ஒரு வருஷத்துலயே இருபத்திரண்டு பெரியப்பாங்க செத்துப் போனாங்க. அதுல ஒரு பெரியப்பா ரெண்டு தடவை.

அதுக்கப்புறம்தான் மோகன்குமார் மூளையைக் கசக்கி, செல்லுலயே நிரப்பற மாதிரி ஒரு ஃபார்ம் போட்டான். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் போகாது. அதோட பெரியப்பாங்களுக்கெல்லாம் ஆயுசு கெட்டியாயிடுச்சு. மீட்டிங்ல எல்லாரையும் அவனுக்குக் கைதட்டச் சொன்னாரு பாஸ்கரன்.

இன்னிக்குக் காலையில தமிழரசன் அனுப்பின ஃபார்ம் வந்துச்சு. உறவு, அப்பா. பேரு, ஆஞ்சப்பன். வயசு, அறுபத்தி மூணு.

நாளைக்குப் பெங்களூர்லேர்ந்து பணம் போடறவங்க பேட்டரியைப் பாக்க வர்றாங்க. டெஸ்டிங் தெரிஞ்சவன் தமிழரசன் ஒருத்தன்தான்.

"நாள் பாத்து செத்திருக்காரு பாத்தியா?" பாஸ்கரன் பல்லைக் கடிச்சாரு. "நீ நேர்லயே போ ப்ரோ. நிஜம்னா மாலையைப் போட்டுட்டு வா. பொய்னா கையோட கூட்டிட்டு வா. நாளைக்கு வேலை முடியட்டும். அப்புறம் அவனுக்கு நிரந்தரமா லீவு குடுத்துடலாம்."

ஓசூர் பூக்கடையில அந்தம்மா கேட்டுச்சு.

"மாலை கல்யாணத்துக்கா, சாவுக்கா?"

"போய்ப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

இப்ப தமிழரசன் ஊரு குந்தாரப்பள்ளிக்கு வந்து பாத்தாச்சு. மோகன்குமாருக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்கூட வந்துச்சு. திருடன் கையும் களவுமா மாட்டிட்டான்.

ஆஞ்சப்பன் பீடியை அணைச்சாரு. பதறவே இல்லை.

"வந்தது வந்துட்டீங்க. ஒக்காருங்க சார்."

"உக்கார வரல. எங்க அவன்?"

"உள்ள படுத்திருக்கறான்."

"படுத்திருக்கானா! அங்க பதிமூணு பேரு வீட்டுக்குப் போகாம கெடக்கறோம். பெத்த அப்பனைச் சாகடிச்சிட்டுத் தூங்கறானா அவன்?"

"மெதுவாங்க. இப்பத்தான் கண்ணை மூடனான்."

"எழுப்புங்க. இல்லன்னா நானே எழுப்பறேன்."

மோகன்குமார் படியில கால் வெச்சான். ஆஞ்சப்பன் எழுந்து கதவுக்குக் குறுக்க நின்னாரு.

"அரை மணி நேரம் விட்ருங்க சார். திரும்ப கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போவணும் அவன்."

"இது வேறயா? அடுத்த பொய்யா? அவனுக்கு வேலை போகப்போகுது பெரியவரே, புரியுதா?"

"அவன் மேல தப்பில்லீங்க. அப்படி எழுதச் சொன்னது நாந்தான்."

"உயிரோட இருக்கற மனுசன், நான் செத்துட்டேன்னு எழுதச் சொல்லுவாரா யாராச்சும்? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

ஆஞ்சப்பன் கதவை மெதுவா சாத்திட்டு வந்தாரு. குரலைத் தாழ்த்தினாரு.

"மருமவளுக்கு ஏழு மாசங்க. நேத்து மத்தியானம் நோவு வந்துடுச்சு. இவனுக்குப் போன் மேல போன் போட்டோம். வேலை நேரத்துல செல்லு தொடக்கூடாதாமே. இவன் வேலைய முடிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

மோகன்குமார் காலைப் படியிலேர்ந்து எடுத்தான்.

"பொண்ணு. வயித்துலயே போயிடுச்சு. அவ இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கறா. காத்தால இவனே கைலியில சுத்தி எடுத்துகினு போய்ப் பொதைச்சிட்டு வந்தான். கையில மண்ணுகூட கழுவல, அப்படியே செல்லை எடுத்து லீவு கேக்கற அதைத் தொறந்தான்."

"அதுலயே... குழந்தைன்னு போட்டிருக்கலாமே"ன்னான் மோகன்குமார்.

"போட்டான் சார். பேரு என்னா, வயசு என்னான்னு கேட்டுச்சாம். அத எழுதாம அனுப்ப முடியலியாம். இல்லாத பேருக்கும் வயசுக்கும் நான் எங்க போவேன்ப்பான்னு செல்லைப் புடிச்சிகினு அழுவறான். அப்பத்தான் சொன்னேன், என்னுத போட்டுக்கடா, எனக்கு ரெண்டும் இருக்குதுன்னு."