சரிவில் ஒரு பறவை

"சுள்ளி சுமக்கற பொம்பளையோட சிலை உள்ளே இருக்கும். நிஜமா சுள்ளி சுமக்கறவ வேலிக்கு வெளியே நிக்கணும். அப்படித்தானே சார்?"

சமூகக்கூடத்து மேஜை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. திட்ட அதிகாரி தலையைச் சொறிந்தார். கேட்டவளுக்கு ஊரில் வாயாடி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"இது உங்க ஊருக்குப் பெருமைம்மா. பாரம்பரியக் கூடம், பறவை பார்க்கக் கோபுரம்... எல்லாம் ஊர் மக்களே நடத்தப்போற சுற்றுலா."

"ஊர் மக்களைக் கேட்டீங்களா?"

"அதான் இப்பக் கேட்கிறோமே."

"வேலிக்குக் கோடு போட்டதுக்கப்புறமா?"

பின்வரிசைப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேலி போடப்போகும் அந்த மலைச்சரிவில் பொறுக்கும் விறகுதான் அவர்கள் வீட்டு அடுப்பு, விற்றால் அரிசி. வனக்காவலர் கையில் சிக்கினால் விறகும் அரிவாளும் பறிபோகும். இப்போது சரிவே போகப்போகிறது.

"வேற மலையே கிடைக்கலையா உங்களுக்கு?"

"மலைக்கென்ன பஞ்சம்? அந்தப் பறவை இங்கேதானே இருக்கு!"

அதிகாரி முகமெல்லாம் பல்லாகச் செல்போனை எடுத்து அழுத்தினார். நீளமாக ஒரு கூவல்; பிறகு வெடுக்கென்று இரண்டு.

"நானே பதிவு பண்ணினது. எந்தப் பறவையோட குரலுக்கும் ஒத்துப்போகல. இன்னும் யார் கண்ணுலயும் படல. ஆனா காவலர்களோட நான் ஜீப்புல வர்றப்பல்லாம், வரவேற்கிற மாதிரி கூவும். இந்தக் குரலைக் கேட்டுத்தான் மேலிடமே சம்மதிச்சது."

பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அந்தச் செல்போனைக் கைகாட்டினாள்.

"அது இல்லாம போயிட்டா?"

"திட்டமும் இல்லாம போகும். ஆனா அது எங்கே போகப்போகுது?"

"வேலின்னு பேச்செடுத்துட்டீங்க இல்ல? இனி ஒரு தடவைகூட கூவாது. எழுதி வெச்சுக்கங்க."

"ஏம்மா, பறவைக்குக் கோபம் வருமா?"

"எங்க ஊருப் பறவை சார். ரோஷம் ஜாஸ்தி."

அதிகாரி சிரித்தபடி சம்மதப் பத்திரத்தை நீட்டினார்.

"எவளும் கையெழுத்துப் போட மாட்டா. ஆனதைப் பார்த்துக்குங்க" என்று எழுந்தாள். நாற்காலிகள் சரசரவென்று நகர, அத்தனை பெண்களும் அவள் பின்னால் வெளியேறினார்கள்.

தெருமுனை திரும்பியதும் அவள் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டுக்குங்கடி. இனிமே ஜீப் வர்றதைப் பார்த்தா எவளும் விசிலடிக்கக் கூடாது. தலையில வைக்கிற சும்மாட்டுத் துணியை ஆட்டிக் காட்டுங்க, போதும்."