தாகம்

கொடைக்கானலில் பிலோமினாவின் வீட்டுத் தோட்டத்தில் நின்ற புளிப்புச் செர்ரி மரம் பேசும். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும்தான் வாய் திறக்கும். மற்ற நேரமெல்லாம் கம்மென்று நிற்கும். மரத்தைப் பேச வைக்கும் கருவியை வேரில் பதிக்க வந்தவன், மரம் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டபோது, "பிலோன்னு" என்றாள். கணவர் போன பிறகு அப்படிக் கூப்பிட ஆளில்லை.

"பிலோ, தாகமா இருக்கு."

அதைக் கேட்பதற்காகவே தண்ணீர் விடுவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். முதலில் இரண்டு நாள், பிறகு நான்கு நாள். கூப்பிட்டதும் ஓட மாட்டாள். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று அடுப்படியிலேயே நிற்பாள். இலைகள் ஓரம் கருகின. பிஞ்செல்லாம் உதிர்ந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மரம் வாயே திறக்கவில்லை.

பதினோராம் நாள் காலை பக்கத்து வீட்டு ஜெயசீலி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பிலோமினா கொட்டும் மழையில் நனைந்தபடி, மரத்தடியில் தார்ப்பாயை விரித்துக் கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மழையில பழம் வெடிச்சிரும்னு மூடுறீங்களா? மரத்துலதான் ஒரு பழமும் இல்லையே! பாயை ஏன் தரையில விரிக்கிறீங்க?"

"வேருக்குத் தண்ணி போகக் கூடாது ஜெயா," என்றாள் பிலோமினா. "பத்து நாளாச்சு, என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு."