ஒன்பது பூஜ்யம் நான்கு

ஏழு மூன்று மூன்று, ஒன்பது பூஜ்யம் நான்கு.

ஸ்கேனர் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் அதையே உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று விட்டால் போச்சு, மறுபடி பிடிக்க முடியாது.

எழுதிவைக்கவும் வழியில்லை. அந்த அலுவலகக் கட்டடத்தில் பைகளைச் சோதிக்க உட்காருகிறவர்கள் போன், பேனா எல்லாவற்றையும் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தபோது போனை எடுக்கக் கை இல்லை. இறங்கியபோது நேரமாகியிருந்தது. பணியாளர் வாசல் வழியாக ஓடிவந்து, பையை லாக்கருக்குள் திணித்துவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

டீ நேரம் வரைக்கும் தாங்க வேண்டும். அதற்கப்புறம் அண்ணனுக்கு ஒரு போன். வண்டிப் பதிவு அலுவலகத்தில் அண்ணனுக்கு ஆள் பழக்கம் உண்டு. எண்ணைச் சொன்னால் வண்டிக்காரனின் ஊர், பேர், வீட்டு விலாசம் எல்லாம் வந்துவிடும்.

திரையில் பைகளின் வயிறுகள் ஆரஞ்சும் பச்சையும் நீலமுமாக நகர்ந்தன. குடை. சார்ஜர். டிபன் டப்பா. குடை. ஏழு மூன்று மூன்று.

காலையில்தான் சண்டை. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய கைப்பையைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தாள். சீப்பும் பஸ் பாஸும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. திரும்பினால், தலையில் துண்டோடு மகள் நிற்கிறாள்.

“நான் உனக்குப் பொண்ணாம்மா, இல்ல லைன்ல நிக்கிற ஆளா?”

கைப்பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, கோபத்தில் அம்மாக்காரி சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் அந்த பைக் வந்து முந்தியது. ஓட்டுகிறவன் முகம் ஹெல்மெட்டுக்குள். பின்னால் அவன் தோளைப் பிடித்தபடி மகள்; ஹெல்மெட் போட்டிருந்தாலும் சுடிதாரே காட்டிக்கொடுத்தது.

சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்த நொடியில் அவளுக்கு வந்தது கவலை இல்லை. ‘பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரிதானே’ என்ற ஒரு கெட்ட சந்தோஷம். கண் நேராக நம்பர் பிளேட்டுக்குத்தான் போனது. எழுத்துகள் தானாக மனதில் நின்றன, எண்களைத்தான் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

ஒன்பது பூஜ்யம் நான்கு. லேப்டாப். செருப்பு ஜோடி. டிபன் டப்பா.

யாரோ எதிரே நின்று என்னவோ கேட்டார்கள். எண் நழுவப் பார்த்தது. நிமிர்ந்து, “அடுத்து” என்று கையைக் காட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

நல்லவேளை, எண் நழுவவில்லை.

டீ நேரத்துக்கு முன்பே சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவ்வப்போது அவரே ஒரு பைக்குள் கத்தியை வைத்து, யாரிடமாவது கொடுத்து வரிசையில் அனுப்புவார். சோதிக்கிறவர்களுக்கு வைக்கிற சோதனை. மற்றவர்கள் எப்போதாவது கோட்டை விடுவார்கள். அவள் விட்டதே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பேர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயரே ‘எக்ஸ்ரே அக்கா’.

சூப்பர்வைசர் கேமராப் பதிவை ஓடவிட்டார். திரையில் கத்தி, பிடியும் முனையுமாகத் தெளிவாகப் படுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே, பதிவில் இருந்த அவள் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

கவனம் எங்கே இருந்தது என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. காலையில் சாப்பிடவில்லை என்ற நிஜத்தோடு, தலை சுற்றியது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். இத்தனை வருஷப் பேரும் போயிற்று என்று நினைத்தாள். இதற்கு மேல் கூனிக் குறுக ஒன்றும் மிச்சமில்லை என்றும் நினைத்தாள்.

அவர் விடவில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது என்றார். ரோலரின் கடைசியில் ஒரு துணிப்பை அனாதையாகக் கிடந்ததாம். ஸ்கேனரில் போய் வந்த பைதான், ஆனாலும் ஆளில்லாத பொருள். விட்டுப் போனது யார் என்று பார்க்க வேண்டும்.

பதிவு மேலே ஓடியது. கத்தி வைத்த பைக்குப் பின்னாலேயே அந்தத் துணிப்பை. துணிப்பைக்குப் பின்னால் ஒரு பெண்.

அந்தப் பெண் குனிந்து என்னவோ சொன்னாள். நாற்காலியில் இருந்த எக்ஸ்ரே அக்கா நிமிர்ந்து, அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து, கையைக் காட்டி நகரச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, துணிப்பையை எடுக்காமல் திரும்பிப் போனாள்.

சூப்பர்வைசர் வாசல் கேமராவுக்கு மாற்றி, பின்னோக்கி ஓட்டினார். ஒரு பைக் வந்து நின்றது. அதே பெண் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓட்டியவனிடம் கொடுத்தாள். வாடகையையும் கொடுத்தாள். பஸ்ஸிலிருந்து பார்த்தபோது மகளின் முதுகு மறைத்திருந்த வாடகை பைக் கம்பெனியின் பெயர், அவன் சட்டை முதுகில் கொட்டை எழுத்தில் இருந்தது. அடுத்த சவாரிக்குப் போனைப் பார்த்தபடி அவன் வண்டியைத் திருப்பினான்.

நம்பர் பிளேட் கேமராவைப் பார்த்து நின்றது. அவள் அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

சூப்பர்வைசர் மேஜைக்குக் கீழிருந்து துணிப்பையை எடுத்து வைத்தார். உள்ளே அவளுடைய டிபன் டப்பா. இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

“யாரும்மா இந்தப் பொண்ணு? உங்களை நல்லாத் தெரிஞ்சவ மாதிரி பேசுறாளே?”

என் பொண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

நாக்கில் முதலில் வந்து நின்றது, ஏழு மூன்று மூன்று.