நெருப்பு முள்

"வெட்டுறீங்களா, நாங்க ஆள் விட்டு வெட்டட்டுமா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டார். பின்னால் அவர் மனைவியும் பொருளாளரும்.

மூலை வீட்டுக்காரம்மா வேலியோரம் நின்றபடியே, "ரெண்டும் கிடையாது" என்றார்.

நடைபாதையை ஒட்டி அவர் வீட்டு வேலி. இலை உதிராத செடி, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். பார்க்க அழகுதான், கிட்டப் போனால் ஊசி ஊசியாக முள். பேரே நெருப்பு முள். தெருக்காரர்கள் அந்தப் பேரை அந்தம்மாவுக்கும் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் அப்படி. ஒப்புக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாது. புதுப் புடவை எப்படி என்று கேட்ட செயலாளர் மனைவியிடம், "திரைச்சீலை மாதிரி இருக்கு" என்றவர்.

"என் காரைக் கீறிடுச்சும்மா. இப்போ பாருங்க, கையையும்!" செயலாளர் கையை நீட்டினார். ரத்தம் கோடு போட்டிருந்தது.

"மேல எதுக்குக் கையை விட்டீங்க?"

"மேல விட்டா என்ன, கீழ விட்டா என்ன?"

அந்தம்மா கையிலிருந்த நகவெட்டியால் ஒரு முள்ளை நறுக்கினார்.

செயலாளர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தினமும் இதே வேலை. செடிக்கு நகம் வெட்டுறாங்க! அதுவும் இடுப்பு உயரத்துல மட்டும். மேலயும் கீழயும் அப்படியே இருக்கு."

"அது என் இஷ்டம்."

"முள்ளு குத்தும்னு உங்களுக்கே தெரியுதில்ல?" என்றார் பொருளாளர். "பிடுங்கிட்டு சாதுவா வேற ஏதாவது வைங்களேன்."

"அது இடுப்பளவு வளர்ற வரைக்கும்?"

"வளர்ற வரைக்கும் என்ன?"

அந்தம்மா இன்னொரு முள்ளை நறுக்கினார். வீம்பு என்றால் இப்படியா என்று செயலாளருக்கு எரிச்சல். "நாளைக்குக் காலையில ஆள் வரும். அப்புறம் எங்களைக் குறை சொல்லாதீங்க" என்று திரும்பினார்.

டொக், டொக் என்று தடிச் சத்தம் கேட்டது.

கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது. விடியுமுன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார் என்பதால் தெருவில் பலர் அவரைப் பார்த்ததில்லை.

வலது கையில் தடி. இடது கை வேலிமேல், இடுப்பு உயரத்தில். விரல்கள் இலைகளைத் தடவிக்கொண்டே, கொஞ்சமும் தயங்காமல் வந்தன. நடைபாதைக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அவர் வேலியோடு ஒட்டி நடந்தார்.

மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கினார்கள்.

"அக்கா, நகவெட்டிச் சத்தம் கேட்டுச்சே. இங்கயா இருக்கீங்க?"

"ஆமா தம்பி. இன்னிக்கு லேட்டா?"

"ஷிப்ட் மாத்திட்டாங்கக்கா." அவர் ஒரு பழக் கொத்தை விரலால் வருடினார். "எங்க பழைய தெருவுல பூரா முள்வேலி. கையெல்லாம் கிழிஞ்சு, ஓரமா நடக்கவே பயப்படுவேன். ரோட்டுல இறங்கி நடந்து ஒருதடவை வண்டியில அடிகூட பட்டேன். இங்க அந்தக் கவலையே இல்லை. ஆமா, இவ்ளோ சாதுவான செடிக்குப் பேர் என்னக்கா?"

அந்தம்மா வாயைத் திறந்தார். பொய் சொல்லி வழக்கமில்லாத வாய், அப்படியே நின்றுவிட்டது.

செயலாளர் கீறல் விழுந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பார்க்க முடியாதவர் எதிரில் எதற்கு மறைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"பட்டுச்செடி சார்" என்றார். "இதை யாரும் வெட்டக் கூடாதுன்னு இப்பதான் சங்கத்துல முடிவு பண்ணினோம்."